அப்பா போட்டுக்கொண்டிருக்கும் பூட்ஸ்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலம் என்று வைத்துக்கொள்கிறேன். போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வாய். அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது வேறு எதுவும் சொல்ல முடியாது. அதனால்தான் கடிதம். அப்பாவின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. அம்மாவுக்குக் கண்ணில் நீர் வடிகிறது. ஊசியில் நூல் கோக்க மட்டும் என்னைக் கூப்பிடுகிறாள், தையல் நிற்கவில்லை. இப்போதும் ஆளைப் பார்த்தே அளவு சொல்லிவிடுகிறாள். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொள்வது வாடிக்கையாளரின் திருப்திக்காக.

ஒரு செய்தி. போரில் இறந்தவர்களுக்கு இங்கே ஒரு நினைவு அறை வைக்கப்போகிறார்கள். போர் முடிந்து பதினோரு வருடம் ஆகிறது. இத்தனை நாள் ஏன் வைக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை, இப்போது ஏன் வைக்கிறார்கள் என்றும் கேட்கவில்லை. இடம், என் நூலகத்தில் பத்திரிகை படிக்கும் அறை. படிப்பவர்களை மாடிப்படிக்கு அடியில் மாற்றிவிட்டோம். அங்கே தலை நிமிர முடியாது. பத்திரிகையில் வரும் செய்திகளுக்கு அந்த உயரம் போதும்.

குழுவின் தலைவர் நம் தெருமுனைப் பல் டாக்டர். எதிரில் இருப்பவர் பதில் சொல்ல முடியாத நிலையிலேயே பேசிப் பழகியவர். கூட்டத்திலும் அப்படித்தான் பேசுகிறார். செயலாளர் இரும்புக்கடைக்காரர். போருக்குப் போய் வந்தவர் யாரும் குழுவில் இல்லை. அவர்களுக்கு நேரம் ஒத்துவரவில்லையாம்.

ஒவ்வொரு குடும்பமும் ஒரு பொருள் தர வேண்டும். பல் டாக்டர் என் மேசைக்கே வந்தார்.

"உங்க பெரிய தம்பியோட பூட்ஸ் இருக்குல்லம்மா, அதைத்தான் நடுவுல வைக்கப்போறோம். களத்துலேர்ந்து நேரா வந்தது வேற யார்கிட்டயும் இல்ல."

"அதை அப்பா போட்டுக்கிட்டிருக்கார்," என்றேன்.

"இப்பவா?"

"இப்ப பால் வாங்கப் போயிருக்கார்."

வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். உன் ஊர்க் குளிருக்குக் காதை மூடிக்கொள்.

அன்புடன்,
அக்கா

---

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். காதை மூடிக்கொண்டுதான் இருக்கிறேன். எங்கள் பிரிவில் காதைத் திறந்து வைப்பது வேலைக்கே ஆபத்து. விமான நிலையத்தில் பெட்டி தொலைந்தவர்கள் எல்லோரும் என்னிடம்தான் வருகிறார்கள், நானே எடுத்து ஒளித்துவைத்த மாதிரி பேசுகிறார்கள்.

பூட்ஸைக் கொடுத்துவிடுங்கள். அண்ணனுக்கென்று ஒரு கல், ஒரு பலகை, எதுவும் இல்லை. உடம்பும் வரவில்லை. ஒரு கித்தான் பையில் ஒரு ஜோடி பூட்ஸும் ஒரு சோப்பு டப்பாவும் வந்தன, அவ்வளவுதானே. அதுவும் அப்பாவின் காலில் தேய்ந்துகொண்டிருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தால் யாராவது நாலு பேர் நின்று பார்ப்பார்கள்.

அந்தப் பை வந்தபோது நான் அங்கே இல்லை. பூட்ஸை நான் பார்த்ததே இல்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

அப்பாவுக்கு வெறுங்காலோடு நடக்க முடியாது என்பதுதான் பிரச்சினை என்றால், அதே அளவில் இங்கிருந்து நல்லதாக ஒரு ஜோடி அனுப்புகிறேன். கயிற்றுக்கு அடியில் நாக்கு மாதிரி இருக்கும் தோலில் நம்பர் அச்சிட்டிருக்கும். பார்த்து எழுது.

அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போ. பல் டாக்டரிடம் இல்லை.

உன் தம்பி

---

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். அம்மா அதைப் போட்டுக்கொண்டு, இன்னும் கொஞ்சம் நீர் வடியவிட்டு, தைக்கிறாள்.

அப்பாவிடம் பேசினேன். முப்பது வருடம் பஸ் ஓட்டியவரிடம் ஒரு விஷயத்தைக் கேட்டால் அடுத்த நிறுத்தத்தில்தான் பதில் வரும் என்பது உனக்குத் தெரியும். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது பதில் வந்தது.

"முடியாது."

"ஏம்ப்பா? உங்க பிள்ளைக்கு மரியாதைதானே செய்யறாங்க?"

"செய்யட்டும். பூட்ஸ் எனக்கு வேணும்."

"தம்பி புதுசு அனுப்பறானாம்."

"அவனே போட்டுக்கட்டும்."

அம்மா கோபத்தில் பாத்திரம் எதையும் உருட்டவில்லை. தலையணை உறையில் ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். மிஷின் ஓடும்போது அவளுக்கு எதுவும் காதில் விழாது என்பது நம் வீட்டில் எல்லோரும் நம்பும் விஷயம்.

இரும்புக்கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்கு அளவு எடுத்துவிட்டார். பூட்டு அவர் கடையிலிருந்தே வருகிறது, இலவசமாக. இலவசம் என்பதை மூன்று முறை சொன்னார்.

அன்புடன்,
அக்கா

---

மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நம்பர் எழுத மறந்துவிட்டாய்.

பரவாயில்லை, நானே யோசித்துப் பார்த்தேன். அண்ணனுக்கு ஆறு. அது மறக்குமா? ஆள் நெட்டை, கால் மட்டும் உன் கால் அளவு. உன் செருப்பைத்தான் மாட்டிக்கொண்டு ஓடுவான். வார் அறுந்து நீ கத்துவாய். "மாடி வீடு கட்டிட்டாங்க, அஸ்திவாரம் போடலை" என்று அப்பா சொல்வார். ராணுவத்தில் அவனுக்கு ஏற்ற பூட்ஸ் கிடைக்காமல் ஒரு மாதம் தன் சொந்த ஷூவில் அணிவகுத்ததாக எழுதியிருந்தான். கடைசியில் வேறு முகாமிலிருந்து தனியாக வரவழைத்துக் கொடுத்தார்களாம்.

அப்பாவுக்கு ஒன்பது. சின்ன வயதில் அவருடைய ஒரு செருப்புக்குள் என் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு நிற்பேன்.

அக்கா, அப்பா அந்த பூட்ஸை எப்படிப் போட்டுக்கொண்டிருக்கிறார்?

உன் தம்பி

---

மே 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நூலகத்தில் வருடாந்திரக் கணக்கெடுப்பு. காணாமல் போன புத்தகங்களில் பெரும்பாலானவை சமையல் புத்தகங்கள். நன்றாகச் சமைப்பவர்கள் திருட மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். ஒருவேளை சமைக்கத் தெரியாதவர்கள்தான் எடுத்தார்களோ என்னவோ.

காட்சிப் பொருள்களுக்கு விளக்க அட்டை எழுதும் பொறுப்பு எனக்கு. அப்பா முடியாது என்றதைக் குழுவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நம் வீட்டுப் பொருளுக்கு "போரிலிருந்து வந்த பூட்ஸ்" என்று எழுதிக் கொடுத்தேன். பல் டாக்டருக்கு அது போதவில்லை. "உணர்ச்சி இல்லையேம்மா" என்றார். குழு உட்கார்ந்து விவாதித்து, "இறுதி மூச்சு வரை களத்தில் நடந்து தேய்ந்த வீரப் பாதணிகள்" என்று திருத்தியிருக்கிறது. இறுதி மூச்சை அருகில் இருந்து பார்த்தது யார் என்று கேட்டேன். அது பேச்சு வழக்கு என்றார்கள். தெருவில் வருகிறவர்கள் எல்லோரும் அப்பாவின் கால்களைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பால் கடையில் ஒருவர் கும்பிட்டாராம். அப்பா பாக்கி சில்லறை வாங்காமலே வந்துவிட்டார்.

நீ கேட்டதற்கு: தோல் நாளாக ஆக விரிந்து கொடுக்கும் என்று செருப்புத் தைப்பவர் சொல்கிறார்.

இனி நூலக விலாசத்துக்கு எழுது. உன் போன கடிதத்தைத் தபால்காரர் அம்மாவிடம்தான் கொடுத்தார். அவள் பிரிக்கவில்லை. ஒட்டின இடம் ஒட்டினபடியே, கொஞ்சம் ஈரமாக இருந்தது. கோடை மழையாக இருக்கும்.

அன்புடன்,
அக்கா

---

ஜூன் 5

அக்கா,

தோல் மூன்று நம்பர் விரியாது.

எங்கள் வேலையில் முதல் நாள் சொல்லித் தருவது இதுதான்: ஒருத்தர் கைக்கு வேறு ஆள் பெட்டி வந்தால், அவர் பெட்டி வேறு ஒருத்தர் கையில் இருக்கிறது. ஒரு பெட்டி மட்டும் தனியாக மாறவே மாறாது. பை மாறியிருக்கிறது. பை மாறினால் காகிதமும் மாறியிருக்கலாம். காகிதம் மாறினால்?

இறந்தது அந்த ஒன்பதாம் நம்பர்க்காரனாக இருக்கலாம் இல்லையா? எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரியில், பேர் தெரியாமல், நீள நீளமாய்க் காலை நீட்டிக்கொண்டு ஒருத்தன் படுத்திருக்கலாம் இல்லையா? நீங்கள் யாரும் யோசிக்கவே இல்லையா?

பூட்ஸைக் கொடுக்காதே. கண்ணாடிக்குள் வைத்தால் அவன் செத்துப்போனான் என்று நாமே கையெழுத்துப் போட்ட மாதிரி.

எல்லோரையும் கேட்டதாகச் சொல். அப்பாவைத் தனியாகக் கேட்டதாகச் சொல்.

தம்பி

---

ஜூன் 28

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ கோபமாக இருப்பது தெரிகிறது, இருந்தாலும் நலமா என்று கேட்கிறேன்.

அந்தப் பை வந்த நாளை எழுதுகிறேன், நீ இல்லாததால். ஒரு சிப்பாய் கொண்டுவந்தான், சின்னப் பையன், முகப்பரு இருந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டுப் போனான். அப்பா பையைத் தரையில் வைத்துப் பிரித்தார். பூட்ஸை வெளியே எடுத்தார். நானும் பார்த்தேன். ஒரு பார்வையே போதுமாக இருந்தது. என் செருப்பை அத்தனை வருடம் அவன் போட்டிருக்கிறான். அம்மா அடுப்படியிலிருந்து கை துடைத்துக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. உடனே அப்பா நாற்காலியில் உட்கார்ந்து அதைக் காலில் மாட்டி, கயிற்றை இறுக்கிக் கட்டி, எழுந்து நின்றார். "சரியா இருக்கு" என்றார். வெளியே போனார். இருட்டிய பிறகுதான் வந்தார். அன்றிலிருந்து அதை யாரையும் கையில் எடுத்துப் பார்க்க விட்டதில்லை. தூங்கும்போது கட்டிலுக்கு அடியில், சுவர்ப் பக்கமாகத் தள்ளி வைப்பார்.

யோசிக்கவில்லையா என்று கேட்கிறாய். அப்பா இரண்டு முறை ராணுவத்துக்குக் கேட்டு எழுதினார், எனக்குத் தெரியாமல். நான் ஒரு முறை எழுதினேன், அவருக்குத் தெரியாமல். மூன்றுக்கும் ஒரே பதில்: "பொருட்கள் சரிபார்க்கப்பட்டே அனுப்பப்பட்டன." ஒரு காலுறை தொலைந்தால்கூட இரண்டு பக்கம் எழுதுகிறவன் நம் நெட்டை. உயிரோடு இருந்தால் பதினோரு வருடத்தில் ஒரு வரி வந்திருக்காதா? இது என் வாதம். இரவில் இது எனக்கே நிற்பதில்லை, பகலில் நிற்கிறது.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. தெரியாமல் இருக்கட்டும் என்றுதான் அப்பா போட்டுக்கொண்டு நடக்கிறார். கொடுத்தால், திறப்பு விழாவில் அம்மா கையால் பெட்டிக்குள் வைக்கச் சொல்வார்கள். கையில் எடுத்தால் அவளுக்கு அளவு தெரியாதா? கொடுக்காவிட்டால் ஊரே ஏன் என்று கேட்கும். அம்மாவும் ஏன் என்று கேட்பாள்.

அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. செப்டம்பர் 14. முகப்பில் பூட்ஸ் படம் போட்டிருக்கிறார்கள். ஓவியருக்குப் பார்த்து வரைய நேரம் கிடைக்கவில்லை. முழங்கால் வரை உயரம், குதிரைப் படையினுடையது.

அன்புடன்,
அக்கா

---

ஆகஸ்ட் 10

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். நலம்.

ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். வீட்டு விலாசத்துக்கே வரும், நூலகத்துக்குப் பார்சல் அனுப்ப இங்கே ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். அதில் இரண்டு ஜோடி இருக்கிறது. இரண்டும் கறுப்பு, இரண்டும் கயிறு கட்டுவது. ஒன்பது, அப்பாவுக்கு. ஆறு, அண்ணன் வந்தால் போட்டுக்கொள்ள.

நீ சிரிப்பாய். கடைக்காரனும் சிரித்தான். "ஆறா? உங்க பையனுக்கா?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பெட்டிக்குள்ளே ஒரு துண்டுச் சீட்டும் வைத்திருக்கிறேன். யாருக்கு எது என்று எழுதியிருக்கிறேன். அம்மா பார்ப்பதற்கு முன்னால் நீ எடுத்துவிடு. வைக்காமலே இருந்திருக்கலாம். ஒட்டி அனுப்பிய பிறகு தோன்றியது.

உன் தம்பி

---

ஆகஸ்ட் 30

அன்புள்ள தம்பிக்கு,

நலம். பார்சல் வந்தது. நான் வேலையில் இருந்தேன். அம்மாவே பிரித்துவிட்டாள்.

நான் வீட்டுக்குப் போனபோது ஆறாம் நம்பர் ஜோடி தையல் மிஷின் மேலே இருந்தது. துண்டுச் சீட்டு எங்கேயும் இல்லை. குப்பையிலும் பார்த்தேன். "அவன் கொஞ்சம் மெலிஞ்சிருப்பான், எழுத்தே சொல்லுது" என்று மட்டும் அம்மா சொன்னாள். உன்னைச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்பா ஒன்பதைப் போட்டுப் பார்த்தார். அறைக்குள் நாலு நடை நடந்தார். "கடிக்குது" என்று சொல்லிப் பழையதை மாட்டிக்கொண்டார். புதியது அட்டைப் பெட்டியிலேயே இருக்கிறது.

கண்ணாடிப் பெட்டியின் சாவியை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள், விதிமுறைகளோடு. எப்போதும் பூட்டியே இருக்க வேண்டும் என்பது முதல் விதி, கடைசி விதியும் அதுவே. நடுவில் தூசி தட்டுவது பற்றி இருக்கிறது.

விழாவுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. "பூட்ஸை நான் கொண்டாறேன், அவங்ககிட்ட சொல்லிடு" என்று நேற்று அம்மா சொன்னாள். அப்பா பத்திரிகையைக் கீழே இறக்கி அவளைப் பார்த்தார். அவள் மிஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டாள்.

அன்புடன்,
அக்கா

---

செப்டம்பர் 16

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அப்பாவும் அம்மாவும் நலம். விழா நடந்து முடிந்தது.

நல்ல கூட்டம். நாற்காலி போதாமல் மாடிப்படிக்கு அடியில் இருந்தவையும் வந்தன. அன்று பத்திரிகை படிப்பவர்கள் நின்றுகொண்டே குனிந்து படித்தார்கள். மற்ற குடும்பங்கள் கொடுத்த ஒரு தண்ணீர்க் குடுவை, ஒரு பெல்ட், சில போட்டோக்கள் ஓரங்களில். நடுப்பெட்டி காலியாக இருந்தது. அப்பா முன் வரிசையில் உட்கார்ந்து கால்களை நாற்காலிக்கு அடியில் மடக்கி வைத்திருந்தார். அந்தக் கால்களில் அதே பழைய பூட்ஸ். யாராவது கீழே குனிந்தால் தீர்ந்தது. யாரும் குனியவில்லை. எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவைக் கூப்பிட்டார்கள். அவள் துணிப்பையிலிருந்து ஆறாம் நம்பர் ஜோடியை எடுத்தாள். புத்தம் புதியது. கயிறு கோத்து முடிந்திருந்தாள். ஒன்றை வைத்து, பக்கத்தில் மற்றதை வைத்து, குதிகால்களைச் சேர்த்து நேராக்கினாள். தைத்த சட்டையை மேசையில் வைத்து நீவுவாளே, அப்படி.

பல் டாக்டர் எழுதி வைத்திருந்ததைப் படித்தார். "இந்தத் தேய்ந்த அடிப்பாகங்களைப் பாருங்கள்" என்றார். எல்லோரும் பார்த்தார்கள். "இந்த மடிப்புகளில் படிந்த மண்ணைப் பாருங்கள்" என்றார். அதையும் பார்த்தார்கள். பின் வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இடது பூட்ஸின் அடியில் கடை ஒட்டிய சின்ன வட்டச் சீட்டு இருந்தது; அம்மா வைக்கும்போது எனக்கு மட்டும் தெரிந்தது என்று நினைக்கிறேன். ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். யாரோ இருமினார்கள்.

பிறகு டீ கொடுக்கும்போது இரும்புக்கடைக்காரர் அம்மாவிடம் வந்தார். "இத்தனை வருஷமும் எவ்வளவு நல்லா வச்சிருக்கீங்கம்மா, புதுசு மாதிரியே இருக்கு."

"போட ஆளில்லை," என்றாள் அம்மா. "அப்புறம் எப்படித் தேயும்?"

அவர் தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போனார்.

இரவு அம்மாவிடம் கேட்டேன், எப்போது தெரியும் என்று. "நான் தையக்காரிடி" என்றாள். வேறு எதுவும் வராது என்று நினைத்தேன், வந்தது.

"அன்னிக்கே தெரியும். கதவுகிட்ட நின்னு பார்த்தேனே. அதுக்குள்ள உங்கப்பா மாட்டிக்கிட்டாரு. மாட்டிக்கிட்டு நிக்கறவரைக் கழட்டச் சொல்ல முடியுமா?"

"சொல்லியிருக்கலாமேம்மா. அவர் உனக்காகத்தான் போட்டுக்கிட்டு நடக்கறார்."

"தெரியும். நடக்கட்டும். அதுவும் யாரோ பெத்த பிள்ளையோடது. மூலையில கிடக்கிறதுக்கு நாலு இடம் போய் வரட்டும்."

அடுத்த அறையில் அப்பா படுத்திருந்தார். குறட்டை வரவில்லை. காலையில் பார்த்தேன், பூட்ஸ் சுவர்ப் பக்கம் இல்லை. கட்டிலுக்கு இந்தப் பக்கம், கை எட்டுகிற இடத்தில் இருந்தது. யாரோ பாலிஷ் போட்டிருந்தார்கள்.

நீ கேட்ட நம்பரை எழுதவேயில்லை, இல்லையா? ஒன்பது. நாக்கில் இன்னும் அழியாமல் இருக்கிறது.

இன்னொன்றும் எழுத வேண்டும். விளக்கை அணைக்கப் போகும்போது அம்மா கேட்டாள்.

"அந்தப் பெட்டிச் சாவி உங்கிட்டதான இருக்கு?"

"ஆமா."

"பூட்டிட்டியா?"

"பூட்டணும்மா. அதான் விதி."

"பூட்டாத."

ஏன் என்று கேட்டேன். ஊசியையும் நூலையும் என்னிடம் நீட்டினாள். கோத்துக் கொடுக்கும்போது உன் துண்டுச் சீட்டு நினைவுக்கு வந்தது.

நேற்று காலை நூலகத்தில் முதல் வேலையாகப் பூட்டை எடுத்து என் மேசை இழுப்பறையில் போட்டேன். குழு கேட்டால் பூட்டு கெட்டுவிட்டது என்று சொல்வேன். இரும்புக்கடையிலிருந்து இலவசமாக வந்தது என்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா